பாக்கியக்காவின் குட்டி பெஞ்சு

பசறை பஸ் நிலையத்தில் நமுனுகுல பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. என் காலடியில் பெயின்ட் டப்பாக்கள் நிறைந்த ஓர் உரப்பை. போனில் நிரஞ்சனா, நமுனுகுலத் தோட்டத்தில் என்னிடம் வரையக் கற்றவள்.

“எங்க சார் இருக்கீங்க?”

“பசறையில. பஸ் இன்னும் வரல.”

“பாக்கியக்கா இறந்துட்டாங்க சார்.”

விடியற்காலையில் தேத்தண்ணீர் போட எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்தாராம். வாகனம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் தொடர்ந்தாள்.

“திரும்பிப் போயிடாதீங்க சார். பெயின்ட்ட எடுத்துட்டு வாங்க. சாவுக்கு ஊரெல்லாம் வரும். நம்ம படச் செவுத்துல கீழ்ப்பக்கம் மழையில போயிருக்கு. இப்படியே கெடந்தா அக்கா திட்டுவாங்க.”

அவள் அழவில்லை. குரல்கூடக் கம்மவில்லை. கடைக்குப் போகிறவனிடம் உப்பும் மிளகாயும் வாங்கிவரச் சொல்வதைப் போலச் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் நெஞ்சு கல்லால் ஆனதோ என்று எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. பஸ் வந்ததும் உரப்பையோடு ஏறினேன்.

பாக்கியக்கா என்று நாம் எல்லோரும் கூப்பிட்ட சிவபாக்கியத்தை நமுனுகுலப் பக்கத்தில் அறியாதவர்கள் குறைவு. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், அதாவது கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் தங்கள் சிறுசுகளை விட்டுச்செல்லும் அந்த ஒற்றை மண்டபத்தில், நெடுங்காலம் பொறுப்பாக இருந்தவர். இதைப் படிக்கிற உங்களில் சிலருக்கு அவர் சோறு ஊட்டியிருப்பார். சிலருக்கு முதுகில் ஒன்று வைத்தும் இருப்பார். அந்தக் கதைகளை என்னைவிட நீங்கள் நன்றாகச் சொல்வீர்கள். எனக்குத் தெரிந்தவர் ஞாயிற்றுக்கிழமைப் பாக்கியக்கா. அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவரை முதலில் பார்த்தது பதுளையில், ஒரு சித்திரப் போட்டியில். ஹாலிஎலவில் சித்திரம் படிப்பிக்கிறவன் என்பதால் இப்படிப்பட்ட நடுவர் வேலைகள் என் தலையில் வந்து விழும். முடிவை அறிவித்துவிட்டுக் கீழே இறங்கினால், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓர் அம்மா நேராக என்னை நோக்கி வந்தார். தன் தோட்டத்துப் பிள்ளைக்குப் பரிசு கிடைக்காத சண்டையாக்கும் என்று நான் தயாரானேன்.

“படத்துக்கு மார்க் போடுறவரு நீங்கதானே?”

“ஆமாங்க.”

“மார்க் போட்டது போதும் மாஸ்டர். எங்க தோட்டத்துல வயசுப்புள்ளைங்க கொஞ்சம் படியில ஒக்காந்தே கெடக்குதுங்க. ஞாயித்துக்கிழமை வந்து வரையச் சொல்லிக் குடுங்க. மத்தியானம் சோறு போடுறேன்.”

பார்க்கலாம் என்றேன். பார்க்கலாம் என்று சொன்னால் வரமாட்டேன் என்று அர்த்தம். மலையகத்தில் பிறந்த எவருக்கும் இது தெரியும். பாக்கியக்காவுக்கும் தெரியும். தெரிந்தும் அதைக் கேட்காதவர்போல் இருந்துவிட்டார். அன்றிலிருந்து அவர் போன் பண்ணாத நாள் இல்லை. “மாஸ்டர், பூசணிக்காய் சமைக்கட்டா, உருளைக்கிழங்கு சமைக்கட்டா?” என்று ஒரு சனிக்கிழமை கேட்டபோது, நான் வருவது ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டதென்று புரிந்தது.

அந்த வயசுப் பிள்ளைகள் யார் என்பதைச் சொல்ல வேண்டும். அவர்களுடைய தாத்தா, பாட்டிமார் இதே தோட்டங்களில் பிறந்தவர்கள். கலவர காலங்களில் உயிருக்குப் பயந்து வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். அங்கே போர் துரத்தியது. படகேறித் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். அகதி முகாம்களில் வருடங்கள் கழிந்தன. அந்த முகாம்களில் பிறந்த பிள்ளைகள்தான் இவர்கள். போர் முடிந்து வெகுகாலத்துக்குப் பிறகு, சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் சில குடும்பங்கள் நமுனுகுலவுக்குத் திரும்பின. பெற்றோருக்கு அது திரும்புதல். பிள்ளைகளுக்கோ அது முன்பின் பார்த்திராத ஓர் ஊருக்கு வந்து சேர்ந்தது. குளிர் புதிது, சிங்களம் தெரியாது, பள்ளிக்கூடத்துக்கு வயது கடந்துவிட்டது. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், ஒரே காம்பராவுக்குள் அத்தை குடும்பமும் இவர்கள் குடும்பமும் நெருக்கிக்கொண்டு படுத்தார்கள்.

தோட்டம் அவர்களுக்கு வைத்த பெயர் ‘இந்தியாக்காரங்க’. எனக்கு இதில்தான் ஆறவே இல்லை. மலையகத்தாரான நம்மையே இந்தியாக்காரர் என்று சொல்லிச் சொல்லித்தான் ஒரு காலத்தில் இந்த நாட்டைவிட்டு அனுப்பப் பார்த்தார்கள். அந்தச் சொல்லால் அடிபட்ட நாமே, அதை எடுத்து இந்தப் பிள்ளைகள்மேல் எறிந்தோம். பாக்கியக்கா இதற்கு விளக்கமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. தன் காதுபட யாராவது அப்படிக் கூப்பிட்டால், “அதுக்குப் பேரு இருக்கு, பேரைச் சொல்லு” என்பார். கூப்பிட்டவர் பெயரைச் சொல்லும்வரை வழியை விடமாட்டார்.

அவர் மகத்தான கலைஞர் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அவர் வரைந்த மாடும் அவர் வரைந்த மேசையும் ஒரே மாதிரி இருக்கும். பாட்டுப் பாடினால் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். ஒரு முறை பெயின்ட் வாங்கி வைத்திருப்பதாகப் பெருமையாகச் சொன்னார். போய்ப் பார்த்தால் கூரைத் தகரத்துக்கு அடிக்கிற செங்கல் நிறப் பெயின்ட், ஒரு பெரிய டின். வேறு நிறமே இல்லை. “ஒரு நிறத்தில் என்னத்தை வரைவது?” என்று கத்தினேன். “வரைய மனசிருந்தா ஒரு நிறம் போதாதா மாஸ்டர்?” என்றார். மனசெல்லாம் போதாது, நீலம் வேண்டும் என்று நான் சொல்ல, அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள, அன்றைய மத்தியானச் சோற்றில் உப்பே இல்லை. பிள்ளைகள் அந்த வருடம் வரைந்த வானமெல்லாம் செங்கல் நிறம்தான்.

வரைவதாவது பரவாயில்லை. பேசத்தான் யாரும் வாயைத் திறக்கவில்லை. “உங்க கதையைச் சொல்லுங்க” என்று கேட்டால் தரையைப் பார்ப்பார்கள். இல்லாவிட்டால், வந்துபோகிற அதிகாரிகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய நாலு வரியை ஒப்பிப்பார்கள்: முகாமில் கஷ்டப்பட்டோம், தாய்நாட்டுக்கு வந்தோம், உதவி செய்யுங்கள். அதற்கு மேல் ஒன்றும் வராது. எனக்குப் பொறுமை போய்விட்டது. இரண்டு பஸ் மாறி வந்து இதைக் கேட்க வேண்டுமா என்று அவரிடமே சொன்னேன்.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழி பிள்ளைக்காம்பராவிலிருந்து வந்தது. ஒரு நாள் பாடசாலை விடுமுறையில் சாயங்கால நேரமாக அங்கே போயிருந்தேன். கொழுந்தை எடை போட்டுவிட்டுத் தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிற நேரம். ஒவ்வொரு தாயிடமும் அவளுடைய பிள்ளையின் அன்றைய கதையைப் பாக்கியக்கா ஒப்புவிக்க வேண்டும். அது அங்கே நடைமுறை. “இன்னைக்கு இவன் சோறு திங்கல. பக்கத்துப் புள்ள கையக் கடிச்சிட்டான்” என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவர் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்த பொடியன், “இல்ல, அப்படி இல்ல. அவன்தான் மொதல்ல கடிச்சான்” என்றான். பாக்கியக்கா சட்டென்று நிறுத்தினார். “சரி. அவன்தான் மொதல்ல கடிச்சான்” என்று தாயிடம் கதையைத் திரும்பத் தொடக்கத்திலிருந்து சொன்னார். அந்த அம்மாவுக்கு வீட்டு அவசரம். இவர் விடவில்லை. “யாரு கதைய யாரு சொன்னாலும் கதைக்காரன் பக்கத்துல இருக்கணும்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு அதையே பெரியவர்களுக்கும் வைத்தார். சின்னஞ்சிறுசுகள் உட்காருகிற முழங்கால் உயர மரப் பெஞ்சு ஒன்றை மண்டபத்து நடுவில் போட்டார். கதைக்குச் சொந்தக்காரர் அதில் உட்கார வேண்டும். கதையை வேறொருவர், தனக்குத் தெரிந்த மட்டில், சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் பெஞ்சில் இருப்பவர் “இல்ல, அப்படி இல்ல” என்று மறிக்கலாம். மறித்தால் சொல்கிறவர் நிறுத்தியே ஆக வேண்டும். முதல் நாள் ஒரே சிரிப்பு. வளர்ந்த பையன்கள் முழங்கால் நாடியில் இடிக்க அதில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நானும் சிரித்தேன். ஆனால் தானாகப் பேச வராத பிள்ளைகளுக்கு, அடுத்தவன் தன் கதையைத் தப்பாகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவும் வரவில்லை. “இல்ல, எங்க அம்மா அப்படிச் சொல்லல.” “இல்ல, அது ராத்திரி இல்ல.” கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தம் நீண்டு, திருத்தமே கதையாகிவிடும். தோட்டத்துப் பிள்ளைகளும் வரத் தொடங்கினார்கள். மூன்று நாலு மாதத்தில் குட்டி பெஞ்சுக்கு அடிபிடி நடந்தது.

நிரஞ்சனா மட்டும் அதில் உட்காரவில்லை. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயதிருக்கும். முகாமில் பிறந்தவள் என்பதால் என்னைச் ‘சார்’ என்பாள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் ‘சேர்’. கை நல்ல கை. ஒரு கோடு போட்டால் அதை அழிக்கமாட்டாள். அவளுடைய அப்பா செல்வராசு சிறுவனாக இந்தத் தோட்டத்தைவிட்டுப் போனவர். செத்தாலும் நமுனுகுல மலையைப் பார்த்துக்கொண்டு சாக வேண்டும் என்று முகாமில் இருந்த காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்து, அப்படியே குடும்பத்தோடு வந்து சேர்ந்தவர். வந்ததிலிருந்து தோட்டத்தில் புல் வெட்டுகிறார். அந்த மனிதர் வாயில் ஒரு நாளும் குறை வந்ததில்லை. அப்பாவின் சந்தோஷம் எவ்வளவு பெரிதென்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் அவள் பெஞ்சில் உட்காரவில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவளிடம் பாக்கியக்கா சுவரைக் கொடுத்தார். பிள்ளைக்காம்பராவின் வெளிச்சுவர், பாதையைப் பார்த்த பக்கம். பிறந்த இடத்தை வரைகிறேன் என்று அவளே சொன்னாள். இப்போது என்னிடம் எல்லா நிறமும் இருந்தது. வரிசையாக ஒட்டி ஒட்டி வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு, கதவுமேல் ஓர் எண். நடுவில் ஒரே ஒரு குழாய். குழாயடியில் வண்ண வண்ணமாகப் பிளாஸ்டிக் குடங்கள். அவளும் இன்னும் இருவரும் சேர்ந்து முடித்தார்கள்.

வேலை முடிந்து கூடையோடு வந்த பெண்கள் சுவருக்கு முன்னால் நின்றுவிட்டார்கள். “ஐயோ, நம்ம அஞ்சாம் நம்பர் லயம்!” என்றாள் ஒருத்தி. “இந்தா, இது எங்க காம்பரா. குழாயடிய அப்படியே போட்டிருக்கா பாரு புள்ள!” என்று இன்னொருத்தி சந்தோஷமாக விரலை வைத்துக் காட்டினாள். நிரஞ்சனாவின் முகம் சிவந்துவிட்டது. “இது உங்க லயம் இல்ல. இது எங்க முகாம்” என்றாள். அவர்கள் நம்பவே இல்லை. இந்தியாவுக்குப் போனவர்களெல்லாம் நன்றாக இருக்கிறார்கள் என்றுதான் இங்கே காலங்காலமாகப் பேச்சு. அங்கே போயும் இதே வரிசைக்குள்ளா வாழ்ந்தார்கள் என்று அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “அப்ப அங்கயும் இப்படித்தானா?” என்று ஒருத்தி மெல்லக் கேட்டாள்.

எனக்கு அது உருக்கமாக இருந்தது. இரண்டு ஊரும் ஒன்றுதான் என்று அழகாகச் சொல்லி முடித்துவிடலாம் என்று தோன்றியது. பாக்கியக்காவிடம் அதைச் சொன்னேன். அவர் சீறினார். “ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லிட்டா அவ கதை முடிஞ்சி போச்சா மாஸ்டர்? அவ எடத்தையும் நாமளே எடுத்துக்கிட்டோம்னு அர்த்தம்.”

தோட்டத்து மேலாளரான தொரையும் அதே தவறைச் செய்தார். லயத்தைக் கேவலப்படுத்திச் சுவரில் வரைந்திருக்கிறார்கள், சுண்ணாம்பு அடித்து மறைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பாக்கியக்காவின் வேலை தோட்டத்து வேலை. அதில் கைவைத்தால் அவருக்குப் போக்கிடம் இல்லை. ஆனாலும் ஆபீசுக்குப் போனார். “தொரை, இது உங்க தோட்டம் இல்லீங்க. இது இந்தியா” என்றார். தொரைக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். அப்படியானால் பார்க்கிறவர்களுக்கு அது தெரிகிற மாதிரி எதையாவது வரையச் சொல் என்று அனுப்பிவிட்டார்.

அங்கே மட்டும் இருந்தது எது என்று நிரஞ்சனா யோசித்தாள். முகாமில் அதிகாரி வந்து மேசை போட்டு உட்கார, எல்லோரும் வரிசையில் நின்று ஆள் இருப்பதைக் காட்ட வேண்டும். அந்த வரிசையை வரைந்தாள். மறுநாள் காலை வேலைக்குப் போன தோட்டமே கைகொட்டிச் சிரித்தது. “அட, பெரட்டு!” பெரட்டு என்றால், காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்ப எல்லோரும் வரிசையில் நிற்பது. “கணக்கப்புள்ள மேசைகூட இருக்கு பாரேன்!” நிரஞ்சனா தூரிகையைத் தரையில் போட்டுவிட்டுப் போனாள். நானும் சிரித்தேன் என்பதால் என்னோடும் பேசவில்லை. பாக்கியக்கா தூரிகையைக் கழுவி எடுத்து வைத்தார். “வருவா. இன்னும் அவ எடத்த அவ போடல” என்றார்.

வந்தாள். குழாய்க்குப் பக்கத்தில், வீடுகளையெல்லாம்விட உயரமாக, ஒரு மரம் வரைந்தாள். அடுத்த இரண்டு ஞாயிறும் வெறும் இலைதான் போட்டாள். பெண்கள் வந்து பார்த்தார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. “இது என்ன மரம் புள்ள? சவுக்கா?” என்று கேட்டார்கள். எங்கள் குளிரில் வேம்பு வளராது. மாரியம்மன் திருவிழாவுக்குக் கீழ்நாட்டிலிருந்து கட்டாக வருகிற வேப்பிலையை இவர்களுக்குத் தெரியும். ஆளைவிட உயரமாக நிழல் பரப்பி நிற்கும் வேப்பமரத்தைப் பலரும் பார்த்ததில்லை. நிரஞ்சனா முதல் முறையாகச் சிரித்தாள். “உங்களுக்குத் தெரியாதுல்ல?” என்றாள்.

அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு நிகழ்ச்சி வைப்பதென்று முடிவானது. பதுளையிலிருந்து ஓர் அலுவலகத்தைச் சேர்ந்தவர்கள் பார்க்க வந்தார்கள். அவர்களில் ஒருவர், “கொஞ்சம் சந்தோஷமா முடிச்சா நல்லா இருக்கும்” என்று பாக்கியக்காவிடம் தயவாகச் சொன்னார். “சந்தோஷம் வந்தா முடிக்கிறோமுங்க” என்றார் இவர். பிள்ளைகளின் பெற்றோர் எல்லோரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். செல்வராசு முன்வரிசையில், வெள்ளைச் சட்டையில். அன்றைக்கு நிரஞ்சனா தானாகவே போய்க் குட்டி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அவள் கதையைச் சொன்னவள் கௌசல்யா, தோட்டத்துப் பெண். நிரஞ்சனாவே பேசுவதுபோல், நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். “அந்த முகாமில் நாங்கள் மிகவும் துன்பப்பட்டோம். தாய்நாட்டுக்குத் திரும்பிய நாள் என் வாழ்வின் மகிழ்ச்சியான நாள்” என்றாள். நிரஞ்சனா கையை உயர்த்தினாள்.

“இல்ல, அப்படி இல்ல.”

கௌசல்யா நிறுத்தினாள்.

“நான் சந்தோஷமா வரல. அழுதுகிட்டேதான் வந்தேன். எல்லாரும் முகாம்னா பாவம்னு சொல்றாங்க. கஷ்டம்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா எனக்கு அதுதான் ஊரு. அந்த மரத்தடியிலதான் நான் படிச்சேன். கவிதாவும் நானும் அங்கதான் பாண்டி ஆடுவோம். வேன் வந்தப்ப அவ அந்த மரத்துக்குப் பின்னால போய் நின்னுக்கிட்டா, நான் போறதப் பார்க்க முடியாதுன்னு. இங்க எனக்குக் குளிருது. இங்க என்னை யாரும் பேரு சொல்லிக் கூப்பிடல. அப்பா, உங்களுக்கு இந்த மலை எப்படியோ அப்படித்தான்ப்பா எனக்கு அந்த மரம். நான் திரும்பிப் போகணும்னு கேக்கல. நான் அங்க இருந்து வந்தவன்னு சொல்லணும். அவ்வளவுதான்.”

செல்வராசு எழுந்துவிட்டார். “அண்ணே, ஒக்காருங்க. புள்ள பேசட்டும்” என்றார் பாக்கியக்கா. அவர் உட்காரவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் மேட்டுப் பாதையில் ஏறிப் போய்விட்டார். ஒரு தகப்பன் வாழ்நாளெல்லாம் சுமந்து வந்து கொடுத்ததை மகள் ஊருக்கு நடுவில் வேண்டாம் என்று சொன்னதாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும். நிரஞ்சனா பெஞ்சைவிட்டு எழவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கௌசல்யா, இப்ப திரும்பச் சொல்லு” என்றாள். கௌசல்யா கதையை முதலிலிருந்து, திருத்தத்தோடு சொன்னாள். நான் எத்தனையோ மேடைகளில் எத்தனையோ நாடகங்கள் பார்த்தவன். அதைப் போல ஒன்றை எங்கும் கண்டதில்லை.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நிரஞ்சனா வரவில்லை. அப்பா விடவில்லை. குட்டி பெஞ்சு கிடந்தது. மற்றப் பிள்ளைகளும் பயந்து அதைத் தொடவில்லை. எல்லாம் அவ்வளவுதான் என்று நான் நினைத்துவிட்டேன். “வேணாங்க்கா, ஒரு குடும்பத்துக்குள்ள நாம போகக் கூடாது” என்று பாக்கியக்காவிடமும் சொன்னேன். அவர் பானையைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த வாரத்தில் ஒரு நாள் செல்வராசின் லயத்துக்குப் போய் வந்திருக்கிறார். என்ன பேசினார் என்று என்னிடம் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு நிரஞ்சனா வந்தாள். செல்வராசு வேலி ஓரம் வரைக்கும் வந்து, அவள் உள்ளே போகும்வரை நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார். சுவரையும் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். அதற்கு அப்புறமும் அவர் பாக்கியக்காவோடு பேசி நான் கண்டதில்லை.

பசறையில் பஸ் ஏறிய நான் சாவு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தப்பு மேளச் சத்தம் பாதைவரை கேட்டது. நிரஞ்சனா என் கையிலிருந்த உரப்பையை வாங்கிக்கொண்டு சுவருக்குப் போனாள். சாவன்றைக்கு இது என்ன வேலை என்று பெரியவர்கள் இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மழையில் கரைந்துபோன வேப்பமரத்து அடிப்பாகத்தைக் குந்தியிருந்து தீட்டினாள். மற்றப் பிள்ளைகள் வண்ணக் காகிதம் ஒட்டிப் பாடை கட்டினார்கள். கொழும்பில் கடையில் நிற்கும் மகன் வந்துசேர்ந்து மறுநாள் பாக்கியக்காவை எடுத்தார்கள். ஊர்வலம் அந்தச் சுவரைக் கடக்கும்போது பெயின்ட் காய்ந்திருந்தது.

கருமாதி அன்று பிள்ளைக்காம்பராவிலேயே ஒரு சிறிய கூட்டம். மண்டபத்து நடுவில் குட்டி பெஞ்சைப் போட்டு அதில் பாக்கியக்காவின் படத்தை வைப்பதாக இருந்தது. நிரஞ்சனா வேண்டாம் என்றாள். படத்தைச் சுவரோரம் வைத்தார்கள். பெஞ்சு காலியாகக் கிடந்தது. பேச என்னைக் கூப்பிட்டார்கள். செத்தவர்களைப் பற்றிப் பேசும்போது நாக்கு தானாகத் தேனில் தோய்ந்துவிடுகிறது. பாக்கியக்கா எல்லாப் பிள்ளைகளுக்கும் தாய், கோபமே அறியாதவர் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். நிரஞ்சனாவின் வீட்டில் ஒரு வருத்தம் வந்தபோதுகூட, நேரில் போய் அன்பாகப் பேசி அந்தத் தகப்பனின் மனதை மாற்றினார் என்று சொன்னேன்.

பின்னால் கதவோரம் நின்றிருந்த செல்வராசு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். குட்டி பெஞ்சில் உட்கார்ந்தார். அவருடைய முழங்கால்கள் நெஞ்சுவரை வந்தன. யாரும் சிரிக்கவில்லை.

“இல்ல மாஸ்டர், அப்படி இல்ல” என்றார்.

நான் நிறுத்தினேன்.

“அன்பாவும் பேசல. மனசையும் மாத்தல. வாசல்ல நின்னு கத்துனாங்க. லயமே வந்து வேடிக்கை பார்த்துச்சு. ‘அண்ணே, நீங்க உங்க ஊர நெனச்சு அத்தன வருசம் அழுதீங்களே, யாராச்சும் உங்க வாயப் பொத்துனாங்களா? அவ வாய மட்டும் ஏன் பொத்துறீங்க?’ன்னு கேட்டாங்க. அந்தக் கோவம் எனக்கு இன்னமும் போகல மாஸ்டர். எம் புள்ள இந்த மண்ண வேணாம்னது இன்னமும் வலிக்கத்தான் செய்யுது. ஆனா அந்த ஞாயித்துக்கிழமை அவள எழுப்பி அனுப்பினது நான்தான். இத அந்தம்மாகிட்ட நான் சொல்லவே இல்ல. இப்ப நீங்க திரும்பச் சொல்லுங்க.”

பாக்கியக்காவின் முறைப்படி நான் முதலிலிருந்து சொன்னேன். கோபக்காரர், பிடிவாதக்காரர், வாசலில் நின்று கத்தினார் என்று சொன்னேன். இரண்டாம் முறைதான் அங்கே இருந்தவர்கள் அழுதார்கள். நிரஞ்சனா தன் அப்பாவுக்குப் பக்கத்தில், வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நிற்கவில்லை, நிற்காது. மண்டபத்தை இனிமேலும் தருவார்களா என்பது தெரியவில்லை. தராவிட்டால் பெஞ்சை வெளியே தூக்கிப் போடுவோம், சுவருக்கு முன்னால் இடம் இருக்கிறது என்று நிரஞ்சனா சொல்லிவிட்டாள். இப்போது நடத்துகிறவள் அவள்தான். நானும் கௌசல்யாவும் அவள் சொன்னதைச் செய்கிறோம். மத்தியானச் சோற்றை முறைவைத்துச் சமைக்கிறோம்.

பாக்கியக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வாசகம்தான். ‘இல்ல, அப்படி இல்ல’ என்று ஒரு மாணவன் சொன்னால் முன்பெல்லாம் எனக்குக் கோபம் வரும். இப்போது நிறுத்திக் கேட்கிறேன். அவரை அறிந்த நீங்களும் இந்தக் கட்டுரையில் தவறு கண்டால் ஒரு ஞாயிறு வந்து பெஞ்சில் உட்காருங்கள். முதல் திருத்தம் வந்தாகிவிட்டது. எழுதி முடித்ததை நிரஞ்சனாவுக்கு வாசித்துக் காட்டினேன். முதல் பக்கம் முடிவதற்குள் அவள் பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இல்ல சார், அப்படி இல்ல. அன்னைக்கு நான் அழுதேன். உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு போனத் தள்ளிப் பிடிச்சுக்கிட்டேன். நீங்க திரும்பிப் போயிட்டா நான் என்ன சார் பண்ணுவேன்?”